எட்டாவது கறுப்பு

ஹாம்பர்க்காரனுக்குக் கறுப்பு வேண்டுமாம்.
ஏழு துண்டு முக்கி அனுப்பியாயிற்று.
ஒன்று சிவப்படிக்கிறது, ஒன்றில் பச்சை எட்டிப் பார்க்கிறது,
ஐந்தாவது களைத்திருக்கிறது என்று எழுதியிருந்தான்.
கறுப்பு களைக்குமா என்று நான் யாரிடம் கேட்க.

அந்த வாரம்தான் லின் வந்திருந்தார்,
ஃபூஜியானிலிருந்து,
எங்கள் வட்டப் பின்னல் எந்திரம் துணியில் இழுக்கும்
ஒரே ஒரு கோட்டை அழிக்க.
முருகம்பாளையத்தில் அவருக்குத் தெரிந்தது இரண்டு சொல்:
எண்ணெய். டீ.

பத்தரை மணிக்கு, நாச்சிமுத்து கடையில்,
கிளாஸை வாங்காமல் பையைத் திறந்தார்.
ஸ்பேனருக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவே
காலுறையில் சுற்றிய கிண்ணம்.
விரித்த உள்ளங்கை அளவு. கறுப்பு.

"ஏனுங்க, சட்டியை நீட்டறாரு, பொங்கச்சோறா ஊத்தறோம்?"
என்ற நாச்சிமுத்து
கையில் வாங்கியதும் சித்தெ பேசவில்லை.
விளிம்பிலிருந்து அடிவரைக்கும்
துருப்பழுப்பில் மெல்லிய கோடுகள்,
ஆயிரம் இருக்கும், எல்லாம் கீழ்நோக்கி.
"மொசலுங்க" என்றார்.
இருபது வயதில் காங்கயத்து மேட்டுக்காட்டில்
வலை கட்டியவர்.
"முதுகு மசுரு. தடவிப் பாருங்."
லின் கைபேசியில் எதையோ சொல்ல
அது பெண்குரலில் தமிழ் பேசியது:
இதன் பெயர் முயல் முடி.
அதற்குள் இரண்டு பேரும்
தலையாட்டி முடித்திருந்தார்கள்.

பிறகு ஆற்றினார்,
தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு,
இடுப்பிலிருந்து கிண்ணத்துக்கு.
நுரை நின்றது.
பதினோரு வருஷமாக அங்கேதான் குடிக்கிறேன்,
அந்த நுரையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.
வெள்ளையல்ல அது, வெளுக்காத பருத்தி.
ஆனால் அந்தக் கறுப்பில் வெள்ளை.
லின் குடிக்கவில்லை. கைபேசி சொன்னது:
முன்பு எங்கள் ஊரில் தேநீரை அடித்து நுரைப்பார்கள்.
நுரை தெரிவதற்காகக் கிண்ணம் கறுப்பு.
இப்போது இலையை ஊற வைக்கிறோம். நுரை இல்லை.
கொஞ்சம் நேரம் கழித்து:
தயவுசெய்து மீண்டும் ஊற்றவும்.
மூன்று முறை ஊற்றினார்.
மூன்றுக்கும் காசு வாங்கினார்.

சாயங்காலம் கேட்டேன், தந்தார்.
லேபில், விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன்.
பகல் விளக்கில் நீலம் ஓடியது.
கடை விளக்கில் வெறும் கறுப்பு.
மஞ்சள் பல்பில் கோடுகள் எழுந்தன,
புதரில் கல் விழுந்த மாதிரி.
மூன்று விளக்கு, மூன்று நிறம்:
எங்கள் விதிப்படி கழிவு.
பொங்கியண்ணன் பார்த்தால்
மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்.
அதற்கு மூலையே இல்லை.

கவிழ்த்தேன். வழிந்துகொண்டே வந்த பூச்சு
பாதத்தைத் தொடுமுன்
ஒரு சொட்டாகத் தடித்து நின்றிருந்தது.
சூளை ஆறிய நேரம் அது.
எங்கள் தொட்டியில் எதையும் அப்படி நிறுத்த முடியாது.
அறுபது டிகிரி, உப்பு, சோடா, அலசல்,
மிச்சம் சுத்திகரிப்புக்கு,
ஒரு காலத்தில் நேரே நொய்யலுக்கு.
நகத்தால் அந்தச் சொட்டைத் தட்டினேன்.
விழுந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ,
கீழே இன்னொரு கை வைத்திருந்தேன்.

எட்டாவதாக நான் அனுப்பியது முதலாவதைத்தான்.
அதே துண்டு, புது அட்டை, புதுத் தேதி.
இதுதான், இதேதான் என்று பதில் வந்தது,
மூன்று ஆச்சரியக்குறியோடு.

லின் போகிற அன்று காலுறை கிழிந்திருந்தது.
கிண்ணத்தைச் சுற்ற
ஐந்தாவது சாம்பிளில் மிஞ்சிய அரை மீட்டரைக் கொடுத்தேன்,
களைத்ததை.
முகர்ந்து பார்த்து, சிரித்து, முடிச்சுப் போட்டார்.
எந்திரத்தில் கோடு போய்விட்டது.
பத்தரைக்கு நாச்சிமுத்து கிளாஸில் ஊற்றினார்,
அதே உயரத்திலிருந்து.
நானும் அவரும் கொஞ்சம் குனிந்து பார்த்தோம்.
"கிளாசுல தெரியலீங்க" என்றார்.